எங்கள் மணிக்கு ஒரு பெட்டி

'நாய் நன்றியுள்ள பிராணி' என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே நாம் கட்டுரை எழுதி வருகிறோம். நாய்க்கு நான்கு கால்கள் உண்டு, ஒரு வால் உண்டு, அது வீட்டைக் காக்கும் என்று எழுதிப் பத்துக்கு ஏழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் நம்மைக் காக்கும் நாயை நாம் எவ்வாறு காப்பது என்று ஒரு கட்டுரையிலும் நாங்கள் எழுதியதில்லை. அதை நாங்கள் கற்றுக்கொள்வதற்கு எங்கள் மணியின் ஒரு கால் ஒடிய வேண்டியிருந்தது.

அக்காள் தங்கையான நாங்கள் இருவரும் இப்பள்ளியில் பத்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படிக்கிறோம். எங்கள் வீடு பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஒரு குப்பத்தில் இருக்கிறது. மணி எங்களுக்குக் கிடைத்தது வலை உலர்த்தும் திடலில். கண் திறந்து சில நாட்களே ஆன குட்டியாக ஒரு பழைய வலைக்குள் சிக்கிக் கத்திக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கு நான்கு வயது. செம்பழுப்பு நிறம், விறைத்த காதுகள், சுருண்ட வால். எத்தனை படகுகள் வந்தாலும் அப்பாவின் படகு எஞ்சின் சத்தம் மட்டும் அவனுக்குத் தனியாகத் தெரியும். அது கேட்டவுடன் கரைக்கு ஓடிவிடுவான். அம்மா அதைப் பார்த்துத்தான் உலை வைப்பார்.

இவ்வாண்டு ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மணிக்கு வெறிநோய்த் தடுப்பு ஊசி போட வேண்டும் என்று நாங்கள் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்று சித்தப்பா நண்டு ஏற்றிக்கொண்டு தம்முடைய குட்டி யானை வண்டியில் பொன்னேரிக்குப் புறப்பட்டார். அப்பா கடலுக்குப் போயிருந்தார். "மணியையும் ஏத்துங்க, ஊசி போட்டுக்கிட்டு வந்துடலாம்" என்றார் சித்தப்பா. நாங்களும் மணியைப் பின்னால் ஏற்றி, நைலான் கயிற்றை அவன் கழுத்தில் கட்டி, மறுமுனையை வண்டியின் பக்கக் கம்பியில் கட்டினோம். அப்பா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முடிச்சு அது. எவ்வளவு இழுத்தாலும் அவிழாது என்று எங்களுக்கு ஒரே பெருமை. கட்டிவிட்டு முன்னால் சித்தப்பாவின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டோம்.

திருப்பாலைவனத்தை நெருங்கும்போது பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் விடாமல் ஒலி எழுப்பினார். சித்தப்பா வழி விட்டார். அவர் முந்தவில்லை, கையை ஆட்டிக் கத்தினார். வண்டி நின்றதும் நாங்கள் இறங்கிப் பார்த்தோம். சாலையோரத்து நாய்கள் குரைத்திருக்க வேண்டும். மணி பக்கப் பலகையைத் தாண்டிக் குதித்திருந்தான். கயிறு பலகையைத் தாண்டும் அளவுக்கு நீளமாக இருந்தது. தரையைத் தொடும் அளவுக்கு நீளமாக இல்லை. எங்கள் முடிச்சு மட்டும் அவிழவில்லை.

சித்தப்பா மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தார். மணியின் நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. பின்னங்கால் ஒன்று சாலையில் இழுபட்டுத் தொங்கியது. நாங்கள் அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதோம். சிறிது நேரம் கழித்து அவன் ஒரு மூச்சு விட்டான். அந்த மூச்சுக்காக நாங்கள் செய்த ஜெபம் எங்களுக்கும் மாதாவுக்கும் மட்டுமே தெரியும்.

பொன்னேரியில் மருத்துவர் அவனைச் சோதித்து, காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டினார். "கழுத்து தப்பியதே பெரிது. எலும்பு முறிந்திருக்கிறது. திங்கட்கிழமை வேப்பேரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுங்கள். ஆனால் இந்தமுறை கயிற்றில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள், பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள்" என்றார். ஓடும் வண்டியில் நாயைக் கழுத்தில் கட்டுவது தூக்குக் கயிற்றை மாட்டுவதற்குச் சமம் என்றும் சொன்னார். அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் அப்பாவும் ஒன்றும் பேசவில்லை. அறுந்த கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்த ஆயாதான், "முடிச்சு நல்லாத்தான் போட்டிருக்கீங்க. எதுல போடணும்னுதான் தெரியல" என்றார். அன்றிரவு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

எந்தப் பெட்டியில் வைப்பது? இதுதான் அன்றிரவு எங்கள் வீட்டில் நடந்த பெரிய மாநாடு. சித்தப்பா முதலில் காட்டியது ஐஸ் வைத்து மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி. அது காற்றும் வெப்பமும் புகாதிருக்கச் செய்யப்பட்டது. மீனுக்கு அது நல்லது. மூச்சு விடும் உயிருக்கு அதுவே எமன். அடுத்து, இறால் எடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டிப் பார்த்தோம். காற்று வந்தது, ஆனால் மணியால் தலை தூக்க முடியவில்லை. சித்தியின் உறவினர் ஒருவர் சென்னையில் வாங்கிய மடக்குக் கம்பிக் கூண்டைக் கொண்டுவந்தார். பார்க்க அழகாக இருந்தது. அப்பா அதன் மேல்பக்கத்தை ஒரு கையால் அழுத்தினார், அது வளைந்தது. மூலையில் கோத்திருந்த கொக்கி தானாகவே கழன்றது. "வீட்டுக்குள்ள படுக்க வைக்கச் சரி. வண்டிக்கு ஆகாது" என்றார் அப்பா.

வாடகைக்கு வருவதாக ஒப்புக்கொண்ட ஆம்னி வேன் ஓட்டுநர் அண்ணன், "இருக்கைக்குப் பின்னால் ஒரு கம்பித் தடுப்பு மாட்டிவிட்டால் போதுமே" என்றார். வெளிநாடுகளில் பலர் கார்களில் அப்படித்தான் மாட்டுகிறார்களாம். நாங்கள் யோசித்தோம். தடுப்பு இருந்தால் நாய் எங்கள்மேல் வந்து விழாது. ஆனால் தடுப்பின் மேலேயே வந்து மோதுமே! மேலும் பின்கதவைத் திறந்தவுடன் அது சாலையில் குதித்து ஓடலாம். தடுப்பு மனிதரைக் காக்கும். நாயைக் காக்க அது மட்டும் போதாது.

"எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? மடியில வச்சுக்கிட்டுப் போங்க" என்றார் ஆயா. எங்களுக்கும் அதுதான் சரி என்று தோன்றியது. அடிபட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதைவிட அன்பான செயல் வேறு உண்டா?

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் ஆலய வாசலில் எங்கள் அறிவியல் சகோதரியைக் கண்டோம். நடந்ததைச் சொல்லி, மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். சகோதரி சிரித்துக்கொண்டே, "பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் என்ன? இயக்க விதிகள்தானே? வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றார்.

போட்டுப் பார்த்தோம். இறால் நிறுக்கும் தராசில் மணி 20 கிலோ இருந்தான். வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நொடிக்குச் சுமார் 11 மீட்டர். ஏதாவது ஒன்றில் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வண்டி நின்றுவிட்டால், உள்ளே இருப்பது நிலைமத்தினால் அதே வேகத்தில் முன்னே போகும். அதை நிறுத்த வேண்டிய விசை சுமார் 2,200 நியூட்டன். அதாவது ஏறத்தாழ 225 கிலோ எடைக்குச் சமம்! 25 கிலோ அரிசி மூட்டைகள் ஒன்பதை ஒரே நேரத்தில் கையில் தாங்க எங்களால் முடியுமா? அப்பாவாலும் முடியாது. ஆயாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னோம். "ஒன்பது மூட்டையா?" என்று கேட்டுவிட்டு, அதன்பின் மடியைப் பற்றி அவர் பேசவேயில்லை.

இனிச் செய்யக்கூடியது ஒன்றே. எங்கள் குப்பத்தில் படகு கட்டிய ஆசாரித் தாத்தா ஒருவர் இருக்கிறார். ஃபைபர் படகுகள் வந்தபின் மரவேலை குறைந்துபோய், இப்போது கதவு ஜன்னல் செய்கிறார். "அளவு சொல்லுங்க, சாயங்காலத்துக்குள்ள அடிச்சுத் தரேன்" என்றார். அளவு எப்படி எடுப்பது என்று சித்தப்பாவின் கைப்பேசியில் தேடினோம். விமானத்தில் பிராணிகளை அனுப்பும் பெட்டிக்கு ஐ.ஏ.டி.ஏ. என்ற பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை ஓர் அளவு. தரையிலிருந்து முன்னங்காலின் முட்டி வரை ஓர் அளவு. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். தோளின் அகலத்தை இரண்டால் பெருக்கினால் பெட்டியின் அகலம். நிற்கும்போது தரையிலிருந்து தலை உச்சி அல்லது காது நுனி வரை உள்ளது உயரம். மணிக்கு 32 அங்குலமும் 11 அங்குலமும் வந்தன. ஆகவே நீளம் முப்பத்தேழரை அங்குலம். தோள் 7 அங்குலம், அகலம் 14. காது நுனி வரை 25.

"பாவம், இன்னும் பெரிசாச் செய்தால் வசதியாக இருக்குமே" என்றோம் நாங்கள். தாத்தா ஒப்பவில்லை. "பெரிய படகுல சின்னச் சரக்கை வச்சா உருளும்மா" என்றார். பிறகு நாங்கள் படித்ததும் அதுவே. எழுந்து நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் இருந்தால் போதும். அதற்குமேல் இடம் இருந்தால் வண்டி குலுங்கும்போது நாய் பெட்டிக்குள்ளேயே தூக்கியெறியப்படும். தாத்தா அகலத்தில் 2 அங்குலமும் உயரத்தில் 2 அங்குலமும் மட்டும் கூட்டிக்கொண்டார்.

படகுக்குப் பயன்படும் தடித்த பிளைவுட்டில் பெட்டி எழுந்தது. ஆணி வேண்டாம், அதிர்ச்சியில் கழலும் என்று சொல்லி, மூலைகளில் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட்டு முடுக்கினார். இரண்டு பக்கங்களிலும் பின்னாலும் காற்றுக்குத் துளைகள். கால் விரல் சிக்காத அளவில் அவை சிறியவை. ஓரங்கள் உப்புத்தாள் தேய்த்து வழவழப்பானவை. கதவை வெல்டிங் கடையில் இரும்புக் கம்பியால் செய்தோம். அதற்குத் தாழ்ப்பாள் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்று திறந்துகொண்டாலும் மற்றது பிடிக்கும். தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு. முன்பக்கச் சுவரில் பழைய மெத்தைத் துண்டை வைத்துத் தைத்தோம். வெளியே எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணையும், 'கால் முறிந்த நாய், மெதுவாக' என்ற வரியையும் வண்ணத்தில் எழுதினோம். உள்ளே வைக்கும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். ஏனெனில் அது கம்பியில் மாட்டினால் மறுபடியும் கழுத்து இறுகும். கழுத்து விஷயத்தில் எங்களுக்கு இனிப் பாடம் தேவையில்லை.

பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதை வண்டியோடு கட்டாவிட்டால், பெட்டியே ஒரு பெரிய கல்லாக மாறிவிடும். வேனின் பின் இருக்கையைக் கழற்றி, முன் இருக்கையின் முதுகோடு ஒட்டிப் பெட்டியை வைத்தோம். பின்கதவை ஒட்டி வைக்கக்கூடாது. பின்னால் ஒரு வண்டி வந்து இடித்தால் முதலில் நசுங்குவது அந்த இடம்தான். கட்டுவதற்கு நாங்கள் நைலான் கயிற்றை எடுத்தோம். அப்பா அப்போதுதான் முதன்முதலாக வாய் திறந்தார். "நைலான் இழுபடும். நங்கூரத்துக்கு அது நல்லது, அலைக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். இங்க விட்டுக் கொடுக்கக் கூடாது" என்றார். லாரியில் சரக்குக் கட்டும் முடுக்குப் பெல்ட்டுகள் இரண்டை வாங்கி, இருக்கை பூட்டியிருந்த தரைப் பிடிப்புகளில் மாட்டி, அசையாமல் இறுக்கினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, "வாங்க, நீங்களே கடைசி இறுக்கு இறுக்குங்க" என்றார். நாங்கள் இறுக்கினோம். எங்கள்மேல் அவருக்குக் கோபம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பெட்டி தயார், மணி தயாரில்லை. வண்டியைக் கண்டாலே அவன் உடம்பு நடுங்கியது. ஞாயிறு இரவு பெட்டியை எங்கள் பாயின் பக்கத்தில், கதவைத் திறந்து வைத்தோம். அப்பாவின் பழைய லுங்கியை உள்ளே விரித்தோம். நெத்திலிக் கருவாட்டை வாசலில் ஒன்று, நடுவில் ஒன்று, கோடியில் ஒன்று என்று வைத்தோம். விடிவதற்குள் மணி மூன்று கால்களில் நொண்டிக்கொண்டு உள்ளே போய் லுங்கியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். உண்மையில் இதற்குப் பல நாட்கள் பழக்க வேண்டுமாம். எங்களுக்குக் கிடைத்ததோ ஓர் இரவு. கருவாடு கைகொடுத்தது.

திங்கட்கிழமை வெயிலுக்கு முன் 5 மணிக்கே புறப்பட்டோம். வாந்தி வராமலிருக்க அவனுக்குச் சோறு தரவில்லை. தண்ணீர் மட்டும் தந்தோம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஆகவே நிறுத்திய வண்டிக்குள் அதைப் பூட்டிவிட்டுப் போவது பெருந்தவறு. வெளியே 30 டிகிரி இருக்கும்போது, வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் அரை மணி நேரத்தில் 45 டிகிரியைத் தாண்டிவிடும். தேநீர் குடிக்க நின்றபோது எங்களில் ஒருத்தி மாறி ஒருத்தி வண்டியிலேயே கதவைத் திறந்து வைத்து அமர்ந்திருந்தோம்.

செங்குன்றம் தாண்டியதும் அந்தச் சோதனை வந்தது. முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. எங்கள் ஓட்டுநர் அண்ணன் பிரேக்கை முழுபலத்தோடு மிதித்தார். சித்தியின் பக்கத்தில் இருந்த தூக்குச் சட்டி பறந்துபோய் முன்கண்ணாடியின் கீழே மோதி, இட்லியெல்லாம் சிதறியது. நாங்கள் திரும்பிப் பெட்டியைப் பார்த்தோம். அது ஒரு விரல்கூட நகரவில்லை. மணியின் தோள் மெத்தையில் சாய்ந்திருந்தது. கம்பி வழியாக எங்களைப் பார்த்து, "என்ன நடந்தது?" என்று கேட்பதுபோல் காதை உயர்த்தினான். மடியில் வைத்திருந்தால் இட்லி போன வழியில் மணியும் போயிருப்பான் என்று நினைத்தபோது எங்களுக்குக் கை கால் விறைத்தது.

வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அன்று அங்கே எத்தனை விதமான நாய்கள், எத்தனை விதமான பெட்டிகள்! கூடையில் பூனை, சாக்கில் கோழி, சங்கிலியில் கன்றுக்குட்டி அளவு நாய். மணிக்கு எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அங்கிருந்த இளம் மருத்துவர் ஒருவர் எங்கள் பெட்டியைச் சுற்றிவந்து, "யார் செய்தது?" என்று கேட்டார். "எங்கள் குப்பத்து ஆசாரித் தாத்தா" என்றோம். அதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "படகு செய்தவன் பெட்டி செய்ய மாட்டானா?" என்றார். ஆனால் அன்று மாலை முழுவதும் அதையே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதன்பின் நாங்கள் தெரிந்துகொண்ட சிலவற்றையும் தோழியருக்குச் சொல்கிறோம். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், பிராணிகளை எடுத்துச் செல்வதற்கென்று 1978-இல் விதிகள் வந்தன. நாய்களை வெளியூருக்கு அனுப்பும்போது, பயணத்துக்குத் தகுதியானவை என்ற மருத்துவச் சான்று வேண்டும் என்றும், கோடைக்காலத்தில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தண்ணீர் தர வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி. அறையை முழுவதுமாகப் பதிவு செய்தால் நாயை நம்முடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அனுப்பலாம். 2022 முதல் கார்டுக்கு ரயில் மேலாளர் என்று பெயர் மாறிவிட்டது, கூண்டு மாறவில்லை. இங்கிலாந்தின் சாலை விதிநூலில் 57-ஆம் விதி, நாய் ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்காமலும், திடீரென்று வண்டி நிற்கும்போது தனக்கோ பிறருக்கோ காயம் ஏற்படுத்தாமலும் இருக்குமாறு வார்ப்பட்டையிலோ பெட்டியிலோ கூண்டிலோ தடுப்புக்குப் பின்னாலோ இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் நாய் வடிவப் பொம்மைகளைப் பெட்டிக்குள் வைத்து மோதவிட்டு, எந்தப் பெட்டி தாங்குகிறது என்று பார்க்கிறார்களாம்.

எங்கள் பெட்டி அத்தகைய சோதனை எதிலும் தேறியது அன்று. பெரிய விபத்தில் அது தாங்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வசதி உள்ளவர்கள் மோதல் சோதனையில் தேறிய பெட்டியையே வாங்குவது நல்லது. விலையையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது வளையுமா? இதன் கதவு தானே திறக்குமா? இதை வண்டியோடு எதில் கட்டுவது? மூன்றுக்கும் விடை கிடைத்தபின் காற்றோட்டத்தையும் அளவையும் பாருங்கள். ஒன்றும் வாங்க முடியாதவர்கள் எங்களைப்போல் ஓர் ஆசாரியைத் தேடுங்கள்.

ஐப்பசி மாதம் மணிக்குக் கட்டுப் பிரித்தார்கள். இப்போது கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து ஓடுகிறான். அப்பாவின் படகுச் சத்தம் கேட்டால் அந்தச் சாய்வும் தெரிவதில்லை. தடுப்பு ஊசியும் போட்டாகிவிட்டது. பெட்டியைக் கோழி அடைக்கக் கேட்டார் ஆயா. ஆனால் மணி அதை விட்டுக் கொடுப்பதாக இல்லை. பகலில் அதற்குள்தான் தூங்குகிறான்.

அறுந்த அந்த நைலான் கயிற்றை அப்பா எறிந்துவிடவில்லை. வாசல் ஆணியில் தொங்க விட்டிருக்கிறார். பள்ளிக்குப் புறப்படும்போது தினமும் நாங்கள் அதைப் பார்க்கிறோம். அன்பு இருந்தால் போதும் என்று அதுவரை எண்ணியிருந்தோம். அன்று மணியைக் கட்டியதும் அன்பினால்தான். அன்போடு கொஞ்சம் யோசனையும் வேண்டும், தோழியரே!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு